பகையை விட்டு அன்பைத் தெரிந்துகொள்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டு ஜெபக் கூட்டங்களில் இயேசுவின் மலைப்பிரசங்கத்தைப் (மத்தேயு 5-7) படிக்கும்போது யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. கூட்டம் முடிந்து, தனியாக வந்து கேட்கிறார்கள். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். யாரையும் அடையாளம் காட்டும் விவரங்களை எடுத்துவிட்டேன். வசனங்கள் நம் வீடுகளில் இருக்கும் பழைய மொழிபெயர்ப்பிலிருந்து.

சத்துருவைச் சிநேகிக்கணும்னா அவர்மேல பாசம் வரணுமா? எனக்கு வரவே மாட்டேங்குது.

வர வேண்டும் என்று இயேசு சொல்லவில்லை. மத்தேயு 5:44-ஐ முழுதாக வாசியுங்கள். "உங்கள் சத்துருக்களைச் சிநேகியுங்கள்" என்றவர், அடுத்த மூச்சிலேயே ஆசீர்வதியுங்கள், நன்மை செய்யுங்கள், ஜெபம்பண்ணுங்கள் என்கிறார். மூன்றும் செய்கிற காரியங்கள். மனம் ஒத்துழைக்காதபோதும் வாயும் கையும் செய்யக்கூடியவை.

மோசேயின் நியாயப்பிரமாணத்திலேயே இதற்கு அடித்தளம் இருக்கிறது. யாத்திராகமம் 23:4, 5-ஐப் பாருங்கள். உன் சத்துருவின் மாடோ கழுதையோ தப்பிப் போகக் கண்டால் அதை அவனிடம் கொண்டுபோய் விடு. உன்னைப் பகைக்கிறவனின் கழுதை சுமையோடு விழுந்து கிடந்தால் அவனுக்கு உதவி செய். அவன்மேல் பிரியம் வரும்வரை காத்திரு என்று அங்கே எழுதவில்லை. மாட்டைப் பிடித்துக்கொண்டு அவன் வீட்டு வாசல்வரை நடக்க வேண்டும், அவ்வளவுதான். அந்த நடையில் மனதுக்குள் என்ன நடக்கும் என்பதைத் தேவன் பார்த்துக்கொள்வார்.

எனக்கு எதிரின்னு யாருமே கிடையாது. அப்போ இந்த வசனம் எனக்கு எதுக்கு?

யாருடைய கல்யாணப் பத்திரிகை வந்தால் அதைப் பிரிக்காமல் மேசைமேல் போடுகிறீர்கள்? யாருடைய பிள்ளை பரீட்சையில் தோற்றான் என்று கேட்டதும் உள்ளுக்குள் ஒரு சின்ன இனிப்பு? "உன் சத்துரு விழும்போது சந்தோஷப்படாதே" என்று நீதிமொழிகள் 24:17 சொல்வது அந்த இனிப்பைத்தான். யோவான் எழுதிய முதலாம் நிருபமும் தூரத்து எதிரியைப் பற்றிப் பேசவில்லை. "தான் கண்ட சகோதரனிடத்தில் அன்புகூராமலிருக்கிறவன், தான் காணாத தேவனிடத்தில் எப்படி அன்புகூருவான்?" என்று கேட்கிறது. நம்மில் பலருக்கு எதிரி அடுத்த தெருவில்கூட இல்லை. ஒரே குடும்பப் புகைப்படத்தில் நிற்கிறார்.

கோபப்படுறதே பாவமா?

இல்லை. "நீங்கள் கோபங்கொண்டாலும் பாவஞ்செய்யாதிருங்கள்" என்று எபேசியர் 4:26 சொல்கிறது. ஜெப ஆலயத்தில் கை சூம்பின மனுஷனைக் குணமாக்கினால் குற்றஞ்சாட்டலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தவர்களை இயேசு கோபத்தோடே பார்த்தார் (மாற்கு 3:5). அதே வசனம் அவர் அவர்களுக்காக விசனப்பட்டார் என்றும் சொல்கிறது. அந்த இரண்டும் சேர்ந்திருக்கும்வரை கோபம் பகையாவதில்லை.

என்னிடம் கேட்கிறவர்களுக்கு ஒரு சோதனை சொல்வேன். அவர் செய்தது மாற வேண்டும் என்று விரும்புகிறீர்களா, அவரே இல்லாமல் போக வேண்டும் என்று விரும்புகிறீர்களா? முதலாவது கோபம். இரண்டாவதைத்தான் 1 யோவான் 3:15 கொலை என்கிறது. எபேசியரில் அந்த வசனத்தின் பிற்பாதி சூரியன் அஸ்தமிப்பதற்குள் என்று கெடு வைப்பதும் இதனால்தான். ஊறப்போட்ட கோபம் பகையாகிவிடும்.

மன்னிச்சிட்டேன், ஆனா மறக்க முடியலை. அப்போ நான் மன்னிக்கவே இல்லையா?

யோசேப்பு மறந்தாரா? எகிப்தில் அதிகாரியாகி, பஞ்சத்தில் சகோதரருக்குத் தானியம் கொடுத்து, தகப்பனையும் அடக்கம் செய்த பிறகு, "நீங்கள் எனக்குத் தீமைசெய்ய நினைத்தீர்கள்" என்று நேருக்கு நேர் சொல்கிறார் (ஆதியாகமம் 50:20). நடந்ததை அவர் பூசி மெழுகவில்லை. அடுத்த வசனத்திலேயே, பயப்படாதிருங்கள், உங்களையும் உங்கள் குழந்தைகளையும் பராமரிப்பேன் என்கிறார். நினைவு இருந்தது. அதைப் பழிவாங்கப் பயன்படுத்தவில்லை.

நெதர்லாந்தின் ஹார்லெம் நகரில் யூதர்களை ஒளித்துவைத்ததற்காக நாஜிகளால் சிறைப்பட்ட காரி டென் பூமைப் பற்றிப் பிரசங்கங்களில் கேட்டிருப்பீர்கள். ராவன்ஸ்புரூக் முகாமில் அவருடைய அக்கா பெட்சி இறந்தார். 1947-ல் மியூனிக்கில் அந்த முகாமின் முன்னாள் காவலர் ஒருவர் கை நீட்டியபோது காரியால் கையைத் தூக்க முடியவில்லை. உள்ளுக்குள் ஜெபித்து, பிறகே கை கொடுத்தார். பிரசங்கிகள் இத்தோடு முடித்துவிடுகிறார்கள். அதற்குப் பின் நடந்ததையும் காரியே சொல்லியிருக்கிறார். தெரிந்த விசுவாசிகள் சிலர் செய்த ஒரு காரியத்தை மன்னித்த பிறகும் அது இரவெல்லாம் அவரைத் தூங்கவிடவில்லையாம். ஒரு போதகர் அவருக்குச் சொன்னது: கோயில் மணியின் கயிற்றை விட்ட பிறகும் மணி கொஞ்ச நேரம் அடித்துக்கொண்டுதான் இருக்கும். நீங்கள் கயிற்றை மறுபடி இழுக்காமல் இருந்தால் போதும். நடந்ததைப் புதிது புதிதாக நாலு பேரிடம் சொல்வதுதான் அந்தக் கயிற்றை இழுப்பது.

அவங்க மன்னிப்பே கேட்கலை. நான் மட்டும் ஏன் முதல்ல மன்னிக்கணும்?

வேதம் இதில் இரண்டு விஷயம் பேசுகிறது. நீங்கள் நின்று ஜெபம்பண்ணும்போது ஒருவன்பேரில் குறை இருந்தால் மன்னியுங்கள் என்கிறது மாற்கு 11:25. அந்த இடத்தில் எதிராளி இல்லவே இல்லை. நீங்களும் பிதாவும் மட்டும். பழிவாங்கும் உரிமையை அங்கே விட்டுவிடுகிறீர்கள். லூக்கா 17:3 சொல்வது வேறு: உன் சகோதரன் குற்றஞ்செய்தால் அவனைக் கடிந்துகொள், அவன் மனஸ்தாபப்பட்டால் மன்னி. இது உறவு மறுபடி ஒட்டுவதைப் பற்றியது. அதற்கு இரண்டு பேர் வேண்டும்.

"கூடுமானால் உங்களாலானமட்டும்" எல்லோரோடும் சமாதானமாயிருங்கள் என்று பவுல் எழுதியதில் (ரோமர் 12:18) அந்த முதல் இரண்டு வார்த்தைகள் எனக்கு எப்போதுமே ஆறுதல். கூடாமல் போகும் சந்தர்ப்பமும் உண்டு என்று அப்போஸ்தலனுக்கே தெரிந்திருக்கிறது. உங்கள் பக்கத்துக் கதவைத் திறந்து வையுங்கள். அவர் உள்ளே வராததற்கு நீங்கள் பொறுப்பில்லை.

சொத்து விஷயத்துல அண்ணன்மேல கேஸ் நடக்குது. நான் திருவிருந்து எடுக்கலாமா?

அதிகமாக வந்த கேள்வி இதுதான். வரப்பு, பூர்வீக வீடு, அப்பா கையெழுத்துப் போட்ட உயில் என்று ஒன்றிரண்டு தலைமுறையாகப் பேச்சுவார்த்தை இல்லாத குடும்பங்கள் நம் சபைகளில் ஏராளம். தென்னிந்தியத் திருச்சபை ஆராதனையில் திருவிருந்துக்கு (அப்பமும் திராட்சரசமும் பகிரும் பந்திக்கு) முன் சமாதானம் பகிர்ந்து, கைக்குள் கை வைத்து வரிசையாகக் கொடுப்போம். அந்தக் கை தன்னிடம் வராதபடி வேறு வரிசையில் போய் உட்கார்கிறவர்கள் உண்டு.

1 கொரிந்தியர் 6-ல் பவுல் இதற்காகவே கண்டிக்கிறார்: சகோதரரின் வழக்கைத் தீர்க்க உங்களுக்குள் ஒரு விவேகியாவது இல்லையா? அதனால் வரிசைப்படி போங்கள். முதலில் நீங்களே போய்ப் பேசுங்கள், பிறகு இருவருக்கும் பொதுவான பெரியவர் இரண்டு பேரோடு போங்கள், பிறகு சபை (மத்தேயு 18:15-17). அதுவும் ஆகாவிட்டால், நடக்கிற கேஸையே மக்கள் நீதிமன்றத்துக்கு மாற்றித்தரக் கேட்கலாம். 1987-ம் வருடச் சட்டப்படி அங்கே கட்டணம் கிடையாது, ஏற்கெனவே கட்டிய கோர்ட் கட்டணமும் திரும்பக் கிடைக்கும், இருவரும் ஒப்புக்கொண்டால்தான் தீர்ப்பு, அதன்மேல் மேல்முறையீடும் கிடையாது. பகையை இன்னும் பத்து வருடம் இழுக்காத வழி அது.

ஆனால் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பங்கு கேட்கிற தங்கையை "பணத்தாசை பிடித்தவள், அன்பில்லாதவள்" என்று ஒதுக்குவது நம் வீடுகளில் சர்வசாதாரணம். உயில் இல்லாமல் ஒருவர் இறந்தால், 1925-ம் வருட இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி கிறிஸ்தவக் குடும்பத்தில் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு. மீதி பிள்ளைகளுக்குச் சமமாக, ஆண் பெண் வித்தியாசம் இல்லாமல். தன் பங்கைக் கேட்கிறவள் பகைக்கவில்லை. கொடுக்காமல் வைத்துக்கொண்டு "மன்னித்துவிடு" என்கிறவரிடம்தான் மத்தேயு 5:23, 24 பேசுகிறது: உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று நினைவுவந்தால், காணிக்கையை வைத்துவிட்டுப் போ. ஆகவே திருவிருந்துக் கேள்விக்கு என் பதில்: உங்கள் கையில் அடுத்தவர் பங்கு இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். கேஸ் நடப்பதாலேயே பந்தியிலிருந்து விலகத் தேவையில்லை; அண்ணன் அழிய வேண்டும் என்ற ஆசையோடு வராதீர்கள்.

கணவர் அடிக்கிறார். சபையில சொன்னா "அன்பு சகலத்தையும் தாங்கும், பொறுத்துக்கோம்மா"ன்னு சொல்றாங்க.

அந்த வசனத்துக்கு முந்தைய வசனத்தையும் அவர்கள் வாசிக்க வேண்டும். அன்பு "அநியாயத்தில் சந்தோஷப்படாமல், சத்தியத்தில் சந்தோஷப்படும்" (1 கொரிந்தியர் 13:6). அடியை மூடி மறைப்பது சத்தியம் இல்லை. சவுல் ஈட்டியை எறிந்தபோது தாவீது குனிந்து வாங்கிக்கொள்ளவில்லை. விலகினார், அந்த இரவே தப்பி ஓடினார் (1 சாமுவேல் 19:10). பிற்பாடு குகைக்குள் சவுல் தம் கையில் அகப்பட்டும் தாவீது கொல்லவில்லை. சவுலைப் பகைக்கவும் இல்லை, அரண்மனைக்குத் திரும்பிப் போகவும் இல்லை. இரண்டும் ஒரே மனுஷன் செய்ததுதான். அடிக்கிறவரைப் பகைக்காமலே அவரிடமிருந்து தள்ளி இருக்கலாம். மேலே சொன்ன இரண்டு பேர் கணக்கு இங்கேயும் உண்டு. உங்கள் பக்கம் பழிவாங்கும் எண்ணம் இல்லாமல் இருக்கலாம். அவர் மாறினார் என்று காலம் காட்டாமல் ஒரே கூரைக்குள் திரும்ப வேண்டியதில்லை.

181 என்ற பெண்கள் உதவி எண்ணுக்குக் கூப்பிடுங்கள். குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைக் காக்கும் 2005-ம் வருடச் சட்டத்தில் பாதுகாப்பு ஆணை, வசிக்கும் உரிமை, பராமரிப்புத் தொகை எல்லாம் கேட்கலாம். விஷயம் குழந்தைக்கு நேர்ந்த பாலியல் கொடுமை என்றால் யாரும் "மன்னித்துவிட்டோம்" என்று முடித்துவைக்க உரிமையே கிடையாது. 2012-ம் வருட போக்சோ சட்டப்படி, தெரிந்தவர் புகார் கொடுத்தே ஆக வேண்டும். போதகரானாலும் மூப்பரானாலும் அப்படித்தான். குழந்தைகளுக்கான எண் 1098.

அப்போ மன்னிச்ச பிறகும் போலீஸ் கேஸை நடத்தலாமா? அது இரட்டை வேஷம் இல்லையா?

கிரஹாம் ஸ்டெயின்ஸ் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து 1965 முதல் ஒடிசாவின் மயூர்பஞ்ச் பகுதியில் தொழுநோயாளிகளிடையே வேலை செய்தவர். 1999 ஜனவரி 22 இரவு, கியோஞ்சர் மாவட்டத்தின் மனோகர்பூரில் தம் மகன்கள் பிலிப், திமோத்தேயுவோடு வண்டிக்குள் தூங்கிக்கொண்டிருந்தபோது ஒரு கும்பல் வண்டிக்குத் தீ வைத்தது. மூவரும் இறந்தார்கள். அவருடைய மனைவி கிளாடிஸ், கொன்றவர்களைத் தாம் மன்னித்துவிட்டதாக அறிவித்தார். மகள் எஸ்தரோடு மயூர்பஞ்சின் பாரிப்பதாவிலேயே தங்கித் தொழுநோயாளிகளுக்கான வேலையைத் தொடர்ந்து, 2004-ல்தான் ஆஸ்திரேலியா திரும்பினார். அடுத்த வருடம் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தது.

அவர் மன்னித்ததால் வழக்கு நிற்கவில்லை. மன்னிப்பையும் குற்றத்துக்கான சட்டத்தின் தண்டனையையும் ஒன்றோடொன்று குழப்பக்கூடாது என்பது அவருடைய நிலை. 2003-ல் அந்தக் கும்பலின் தலைவன் தாரா சிங்குக்கு விசாரணை நீதிமன்றம் மரணதண்டனை விதித்தது; 2005-ல் உயர்நீதிமன்றம் அதை ஆயுள் தண்டனையாக்கியது; 2011-ல் உச்சநீதிமன்றம் அதையே உறுதிசெய்தது. கொலை வழக்கை நடத்துவது அரசு; குடும்பம் மன்னித்தது என்று அதை வாபஸ் வாங்கவும் முடியாது. ரோமர் 12-ன் முடிவில் "பழிவாங்குதல் எனக்குரியது" என்று சொல்லி நம் கையிலிருந்து வாங்கிய பட்டயத்தை, 13-ன் தொடக்கத்தில் அதிகாரத்திடம் கொடுக்கிறார் பவுல். அவரே பிலிப்பி பட்டணத்தில் தம்மைச் சட்டவிரோதமாக அடித்ததைத் தட்டிக்கேட்டார், பிறகு இராயனுக்கு அபயமிட்டார், அதாவது ரோமப் பேரரசனிடம் மேல்முறையீடு செய்தார். கேஸ் நடத்துங்கள். ஆனால் சாட்சிக் கூண்டில் ஒரு வார்த்தைகூடக் கூட்டிச் சொல்லாதீர்கள். நடந்ததற்குமேல் ஒன்றைச் சேர்க்கும்போதுதான் பகை உள்ளே வருகிறது.

சங்கீதத்துல தாவீது எதிரிகளைச் சபிக்கிறாரே. நாமும் சத்துரு அழியணும்னு ஜெபிக்கலாம்தானே?

109-ம், 137-ம் சங்கீதங்களை வாசித்தால் நெஞ்சு நடுங்கும். அவை வேதத்தில் இருப்பது எனக்கு நன்றியே. வயிறு எரிகிறவன் தன் எரிச்சலைத் தேவனிடம் கொட்டலாம் என்று அவை அனுமதி தருகின்றன. அங்கே கொட்டினவன் கத்தியோடு எதிரியின் வீட்டுக்குப் போகவில்லை. 139-ல் "முழுப்பகையாய் அவர்களைப் பகைக்கிறேன்" என்றவர் அடுத்த வசனங்களிலேயே, தேவனே என்னை ஆராய்ந்து பாரும், என்னில் வேதனை உண்டாக்கும் வழி உண்டோ என்று பாரும் என்று தம்மைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்.

ஆனால் இன்று சில கூட்டங்களில் மாமியார் பெயரையும் பங்காளி பெயரையும் சீட்டில் எழுதிக் கொடுத்து "அழிந்து போகட்டும்" என்று ஜெபிக்கச் சொல்கிறார்கள். அதற்குச் சங்கீதத்தைத் துணைக்கு அழைக்காதீர்கள். தங்களை ஏற்றுக்கொள்ளாத சமாரியர் கிராமத்தின்மேல் வானத்திலிருந்து அக்கினி இறங்கச் சொல்லட்டுமா என்று யாக்கோபும் யோவானும் கேட்டார்கள். இயேசு அவர்களை அதட்டிவிட்டு வேறு கிராமத்துக்குப் போனார் (லூக்கா 9:54-56). சிலுவைக்கு இப்புறம் நிற்கிற நமக்கு மாதிரி, கல்லெறிந்தவர்கள்மேல் இந்தப் பாவத்தைச் சுமத்தாதிரும் என்ற ஸ்தேவான்.

நாங்க யாரையும் வெறுக்கலை. பழக்கம் அப்படி. கல்யாணமும் கல்லறையும் மட்டும் தனித்தனி. இதையும் பகைன்னு சொல்வீங்களா?

சொல்வேன். சாதியைப் பற்றிய இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்கள் பெரும்பாலும் நல்லவர்கள், மனதில் கசப்பு இல்லாதவர்கள். அதனால்தான் பதிலும் கடினம். முதல் கேள்வியில் சொன்னபடி, வேதம் அன்பைச் செயலில் பார்க்கிறது. மறுபக்கமும் அப்படியே: உள்ளே கசப்பே இல்லாமல் ஒருவனைத் தாழ்த்தி வைக்க முடியும். அந்தியோகியாவில் பேதுரு புறஜாதியாரைத் திட்டவில்லை. அவர்களோடு சாப்பிட்ட பந்தியிலிருந்து எழுந்து தள்ளி உட்கார்ந்தார், அவ்வளவே. பவுல் எல்லோருக்கும் முன்பாக அவரை எதிர்த்து, இது சுவிசேஷத்தின் சத்தியத்துக்கு ஏற்ற நடை அல்ல என்றார் (கலாத்தியர் 2:11-14).

நம் சபைகளுக்கு இது புதிதும் இல்லை. 1833-லேயே கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதியைத் தயக்கமின்றி, உடனடியாக, முற்றாக விட்டுவிட வேண்டும் என்று தென்னிந்திய சபைகளுக்குக் கடிதம் எழுதினார். தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் பலர் அதை எதிர்த்தார்கள், சபையை விட்டே போனவர்களும் உண்டு. இன்றும் நடுச்சுவர் வைத்த கிறிஸ்தவக் கல்லறைத் தோட்டங்கள் தமிழ்நாட்டில் இருக்கின்றன. உயிர்த்தெழுதலை நம்பி அடக்கம் செய்கிற இடத்தில் சுவர் எழுப்பியிருப்பதை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது. அடுத்த சேகர கமிட்டியில் (உள்ளூர்ச் சபை நிர்வாகக் குழுவில்) அந்தச் சுவரைப் பற்றி வாய் திறங்கள்.

திருமண்டலத் தேர்தல் சமயத்துல அணி அணியா சண்டை வருதே, அதுக்கு என்ன செய்ய?

பேராயரின் கீழுள்ள சபைகளின் கூட்டமைப்பான திருமண்டலத்தின் தேர்தலானாலும், எதிரணிக்காரர் வீட்டு அடக்க ஆராதனைக்குப் போங்கள், எல்லோரும் சேர்ந்து சாப்பிடும் அசன விழாவில் அவர் பக்கத்தில் உட்காருங்கள், வாட்ஸ்அப்பில் வரும் அவதூறை அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள். கோர்ட் விஷயத்துக்கு மேலே சொத்து கேள்வியில் சொன்னதே பொருந்தும்.

நம்ம ஆலயத்தையே தாக்குறாங்க. அவங்க கூட்டத்தையே நம்பக்கூடாதுன்னு தோணுது. இதுலயும் அன்பா?

2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு. இலங்கையில் கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயம், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் ஆலயம், மட்டக்களப்பு சீயோன் தேவாலயம், கொழும்பின் ஹோட்டல்கள் எல்லாவற்றிலும் குண்டு வெடித்து 250 பேருக்குமேல் இறந்தார்கள். சீயோன் தேவாலயத்தில் இறந்தவர்களில் பலர் ஓய்வுநாள் பள்ளிக்கு வந்த தமிழ்ப் பிள்ளைகள். குண்டு வைத்தவர்கள் இஸ்லாமியத் தீவிரவாதிகள் என்று தெரியவந்த அந்த நாட்களில் கொழும்பு பேராயர் கர்தினால் மால்கம் ரஞ்சித், முஸ்லிம்கள்மேல் யாரும் கை வைக்கக் கூடாது என்று மக்களைக் கேட்டுக்கொண்டார். நீர்கொழும்பில் பதற்றம் வந்தபோது மறுபடியும் அதையே சொன்னார். அவ்வளவு சொல்லியும் மே மாதம் வடமேற்கில் முஸ்லிம் வீடுகளும் கடைகளும் தாக்கப்பட்டன.

அதே கர்தினால் உண்மை வெளிவர வேண்டும் என்று வருடக்கணக்காக அரசைக் கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தார். எச்சரிக்கை வந்தும் தடுக்கத் தவறியதற்காக, முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபாய் நஷ்டஈடு தர வேண்டும் என்று 2023 ஜனவரியில் இலங்கை உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. குற்றம் செய்தவன் பெயரைச் சொல்லுங்கள், நீதி கேளுங்கள், ஆலயத்துக்குக் காவல் கேளுங்கள். அவன் பிறந்த கூட்டத்தையே குற்றவாளியாக்கும்போது, நேற்றுவரை உங்களுக்குப் பால் ஊற்றியவரையும் உங்கள் பிள்ளைக்குப் பாடம் நடத்தியவரையும் சேர்த்துத் தண்டிக்கிறீர்கள்.

அப்பா எங்களை ரொம்பக் கொடுமைப்படுத்தினார். இப்போ இல்லை. செத்தவரை எப்படி மன்னிக்கிறது? நினைவு ஆராதனையில சாட்சி சொல்லச் சொல்றாங்க.

மாற்கு 11:25-ஐ மேலே பார்த்தோம். நீங்களும் பிதாவும் மட்டும் நிற்கிற அந்த இடம் அவர் மரித்த பிறகும் திறந்தே இருக்கிறது. நடந்ததை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி அங்கே வையுங்கள். எழுதி வைத்தாலும் சரி, நம்பகமான ஒருவரோடு சேர்ந்து ஜெபித்தாலும் சரி. பல மாதம் ஆகலாம். நடுவில் கோபம் திரும்ப வந்தால் அது தோல்வி இல்லை. தூக்கம் கெட்டு, உடல் பாதிக்கும் அளவு இருந்தால் மனநல மருத்துவரையும் பாருங்கள். அது விசுவாசக் குறைவு ஆகாது.

சாட்சி விஷயத்தில், அவரை நல்ல தகப்பன் என்று மேடையில் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. பொய் சொன்னால் அன்பு ஆகிவிடாது. அவரைத் தூற்றவும் வேண்டாம். உண்மையாகவே அவர் செய்த ஒரு நல்ல காரியம் நினைவில் இருந்தால் அதை மட்டும் சொல்லுங்கள். ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு சங்கீதத்தை வாசித்துவிட்டு உட்காருங்கள். அதுவும் முடியாது என்றால் போதகரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், வேறு யாராவது வாசிப்பார்கள். அம்மா பக்கத்தில் நீங்கள் உட்கார்ந்திருந்தாலே போதும்.